சங்கத்துக்கும் தேர்தலுக்கும் டேலி பிரைம்: கணக்கெழுதுகிறவர் வாங்கலாமா?

பகலில் கம்பெனிக் கணக்கு, மாலையில் தமிழ் மன்றத்தின் பொருளாளர், தேர்தல் வந்துவிட்டால் வேட்பாளரின் செலவுக் கணக்கு. இந்த மூன்றும் ஒரே ஆள் தலையில் விழுவது தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நடப்பதுதான். "கணக்குத் தெரிஞ்சவர் நீங்கதான் சார்" என்று யாராவது சொன்னதுமே பதவி கைக்கு வந்துவிடும். அவருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் (இப்போதைய பெயர் டேலி பிரைம்) ஏற்கெனவே விரல்நுனியில் இருக்கும். ஆபீசில் ஓடுவதையே மற்ற இரண்டுக்கும் ஓட்டிவிடலாம் என்று தோன்றுவதும் இயல்பு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சங்கக் கணக்குக்கு டேலி பிரைம் தேறும், ஆனால் வாங்கிய கையோடு அப்படியே ஓட்டினால் தேறாது. வேட்பாளர் கணக்குக்கு அது துணைக்கு மட்டும்தான். தேர்தல் ஆணையம் கேட்பது வேறு வகைப் புத்தகம்.

விலை விஷயம். ஒரே கணினியில் ஓடும் சில்வர் உரிமம் 22,500 ரூபாய். 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் 26,550. கம்பெனிக்கு அந்த 4,050 ரூபாய் உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பிவிடும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சங்கத்துக்குத் திரும்பாது, முழுத்தொகையும் செலவுதான். பல கணினிகளில் ஓடும் கோல்டு உரிமம் இதைப்போல மூன்று மடங்கு. எந்த மன்றத்துக்கும் அது தேவைப்படாது. மாத வாடகைக்கும் கிடைக்கிறது. வருடம் முழுக்க நுழைவு போடாமல், விழா முடிந்ததும் மொத்தமாக உட்கார்ந்து எழுதுகிற அமைப்புகளுக்கு வாடகை சரிப்படும் என்று தோன்றும். ஆனால் அப்படி மொத்தமாக எழுதுவதுதான் சங்கக் கணக்கின் பாதி நோய். அதைச் சுலபமாக்கும் ஏற்பாட்டைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

காசு கொடுக்காமல் 'எஜுகேஷனல்' முறையில் ஓட்டப் பார்க்கிறவர்களும் உண்டு. அதில் மாதத்தின் 1, 2, 31 ஆகிய தேதிகளில்தான் வவுச்சர், அதாவது கணக்கு நுழைவு, போட முடியும். 14-ஆம் தேதி வாங்கிய நன்கொடையை 2-ஆம் தேதியில் எழுதினால் ரசீதின் அடிக்கட்டை ஒரு தேதி சொல்லும், கணக்கு இன்னொரு தேதி சொல்லும். ஆடிட்டர் முதல் பக்கத்திலேயே பேனாவை மூடிவிடுவார். பழகிப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அமைப்பு. டேலி வியாபாரிக்காகச் செய்யப்பட்டது. லாப நட்டக் கணக்குதான் அதன் தாய்மொழி. சங்கத்துக்கு வேண்டியது வருமானம் செலவினக் கணக்கு. எஃப்11-ஐ அழுத்தி எல்லா வசதிகளையும் காட்டச் சொன்னால், லாப நட்டக் கணக்குக்குப் பதில் வருமானம் செலவினக் கணக்கு வேண்டுமா என்ற கேள்வி கண்ணில் படும். ஆம் என்று போடுங்கள். பொதுக்குழுவில் 'இந்த வருட லாபம்' என்று தலைப்பிட்ட தாளைப் படித்துவிட்டு, 'லாபமா? சங்கம் என்ன கடையா?' என்ற கேள்விக்கு அரை மணி நேரம் பதில் சொல்லும் வேலை மிச்சம்.

அதைவிட முக்கியமானது, உண்மையில் வந்த பணத்தையும் போன பணத்தையும் மட்டும் காட்டும் 'ரிசீப்ட்ஸ் அண்ட் பேமென்ட்ஸ்' அறிக்கை. 'டிஸ்பிளே மோர் ரிப்போர்ட்ஸ்' பட்டியலுக்குள் இருக்கிறது. வியாபாரிகள் அதைத் திறப்பதே இல்லை. 12ஏ பதிவு (அறக்கட்டளைக்கு வருமானவரி விலக்கு தரும் பதிவு) உள்ள அமைப்புக்கு அதுதான் உயிர்நாடி. காரணம் இது. அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட்டிருக்க வேண்டும்; கையை விட்டுப் போன பணம்தான் செலவிட்டதாகக் கணக்காகும். மார்ச் 28-இல் ஆண்டு விழா நடந்து, பந்தல்காரர் பில்லை ஏப்ரல் 6-இல் பைசல் செய்தால், வருமானம் செலவினக் கணக்கில் அது இந்த வருடச் செலவு. 85 சதவீதக் கணக்கிலோ அடுத்த வருடச் செலவு. இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவருக்கு இந்த இடைவெளி செப்டம்பரில், ஆடிட்டர் மேசையில்தான் தெரியவரும். மார்ச் மூன்றாம் வாரத்திலேயே திறந்து பார்த்தால், கையில் பணம் இருக்கும்போதே பில்களைத் தீர்த்துவிடலாம்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. வருமானவரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. 1961 சட்டத்தின் எண்கள் அதில் மாறுகின்றன. ஆடிட்டர்கள் வாயில் இன்னும் புழங்குவது 12ஏ, 80ஜி (நன்கொடை கொடுத்தவருக்கு வரிக் கழிவு தரும் பிரிவு) என்பவைதான் என்பதால் இங்கும் பழைய எண்களே.

லெட்ஜர் (ஒவ்வொரு தலைப்புக்குமான தனிக் கணக்கு) உருவாக்குவதில் பெரும்பாலோர் சறுக்குவது மூலநிதியில், அதாவது நிலையான நிதியாக வைக்கச் சொல்லிக் கொடுத்த பணத்தில். 'கட்டட நிதிக்கு' என்று எழுதிக்கொடுத்து வந்த பணத்தை மற்ற நன்கொடையோடு சேர்த்து வருமானத்தில் போட்டுவிடுவார்கள். அதைக் கேபிடல் அக்கவுன்ட் தொகுதியின் கீழ் தனி லெட்ஜராக வையுங்கள். கொடுத்தவர் கைப்பட எழுதிய கடிதமோ, ரசீதில் 'மூலநிதிக்கு' என்ற குறிப்போ வேண்டும். அந்தப் பணம் வரிச்சட்டம் அனுமதிக்கும் முதலீட்டில், சாதாரணமாக வங்கி வைப்பில், தனியாக நிற்கவும் வேண்டும். நடப்புக் கணக்கில் கிடந்து விழாச் செலவோடு கரைந்துபோனால் மூலநிதி என்ற சலுகையும் கரைந்துபோகும். லெட்ஜர் தலைப்பைத் தமிழிலேயே எழுதலாம். மாற்றுப்பெயர் என்ற கட்டத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கம் போட்டு வைத்தால் தேடும்போது விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

காஸ்ட் சென்டர் (ஒரு செலவு எதற்கானது என்று பிரித்துக் காட்டும் வசதி): சங்கத்துக்கு டேலியை வாங்கச் சொல்வதற்கு இந்த ஒன்றே போதும். எஃப்11-இல் திறந்துவிட்டு இரண்டு வகைகளை உருவாக்குங்கள். ஒன்று 'நிகழ்ச்சி': ஆண்டு விழா, பறைப் பயிற்சி, கவியரங்கம், நூலகம். இன்னொன்று 'பணம் வந்த வழி': உறுப்பினர் சந்தா, பொது நன்கொடை, அரசு உதவி. மைக்செட்டுக்கு 12,000 கொடுத்தால், அதே 12,000 நிகழ்ச்சி வகையில் 'ஆண்டு விழா' என்றும், வழி வகையில் 'அரசு உதவி' என்றும் இரண்டு இடத்தில் பதியும். தொகை இரட்டிக்காது; ஒரே செலவை இரண்டு கோணத்தில் பார்க்கிறோம், அவ்வளவுதான். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் விழா உதவித்தொகை போன்ற ஒன்றை வாங்கிய அமைப்பு, மத்திய அரசின் நிதி விதிகளில் உள்ள ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அந்த உதவிப் பணம் எந்தெந்தப் பில்லுக்குப் போனது என்று கேட்டால், பேரேட்டைப் புரட்டிப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டிருந்த வேலை இங்கே ஒரே அறிக்கையில் முடிந்துவிடும். எக்செலில் இதைச் செய்யலாம்தான். இரண்டாவது வருடத்தில் யாராவது ஒரு வரிசையை வெட்டி ஒட்டி, கூட்டல் சூத்திரத்தைக் கலைத்துவிடுவார்கள்.

ரசீது எண்ணில் டேலி தன் குணத்தைக் காட்டும். தானியங்கி எண்ணில் விட்டுவிட்டால், நடுவில் ஒரு வவுச்சரை அழிக்கும்போது பின்னால் வருபவை எல்லாம் ஒரு எண் முன்னால் நகர்ந்துவிடக்கூடும். பழைய பதிப்புகளில் அப்படித்தான். புதியவற்றில் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளும் தெரிவு உண்டு. அச்சடித்த ரசீது புத்தகம் நகராது. எனவே ரிசீப்டின் கீழ் 'நன்கொடை ரசீது' என்று தனி வவுச்சர் வகை உருவாக்கி, எண்ணிடும் முறையைக் கையால் என்று வைத்து, ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் தெரிவையும் போடுங்கள். புத்தகம் 7, எண் 301 முதல் 350 வரை என்று வைத்துக்கொள்வோம். 46 ரசீது எழுதியது, 2 ரத்தானது, 2 வெற்று. ரத்தான இரண்டையும் எண்ணோடு நுழைத்து ஆல்ட் எக்ஸ் அழுத்தி ரத்து செய்யுங்கள். ஆல்ட் டி வேண்டாம். ஆல்ட் எக்ஸில் எண் நிற்கும், தொகை போய்விடும். ஆல்ட் டியில் இரண்டுமே போய்விடும். ரத்தான ரசீதின் மூலப்பிரதி அடிக்கட்டையோடு தைத்திருக்க வேண்டும். வெற்று இரண்டின் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து. இப்போது 46, 2, 2 கூட்டினால் 50. இந்தக் கூட்டல் வராத புத்தகத்தை நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ளவே கூடாது. விழா அன்று ரசீது புத்தகம் நாலு பேர் கையில் சுற்றும். எந்தப் புத்தகம் யாரிடம் என்று டேலி கேட்காது. ஒரு சாதாரண நோட்டில் 'புத்தகம் 7, வாங்கியவர், தேதி, திருப்பிய தேதி' என்று நான்கு கோடு கிழித்தால் போதும்.

நன்கொடையாளர் விவரத்தில்தான் டேலி ஏமாற்றுகிறது. 80ஜி ரசீது கொடுக்கும் அமைப்பு மே 31-க்குள் 10பிடி படிவத்தில் கொடுத்தவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, பான் அல்லது ஆதார் போன்ற அடையாள எண், நன்கொடை வகை, வந்த முறை, தொகை எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். அதற்கு மேல் 10,000 முதல் 1,00,000 வரை அபராதமும் போடலாம். டேலியில் பான் எண்ணுக்கு இடம் இருப்பது லெட்ஜரில். 500 ரூபாய் கொடுத்த 300 பேருக்கு 300 லெட்ஜர் உருவாக்க யாருக்கும் பொறுமை வராது. 'நன்கொடை – பொது' என்ற ஒரே லெட்ஜரில் போட்டு, பெயரையும் பானையும் குறிப்பு வரியில் தட்டிவிடுவார்கள். குறிப்பு வரியில் கிடப்பதைக் கட்டம் கட்டமாகப் பிரித்தெடுக்க முடியாது; மே மாதம் 300 வரியை மறுபடி தட்டச்ச வேண்டியதுதான்.

நடைமுறையில் நிற்கும் வழி இது. ரசீது எண்ணையே சாவியாக வைத்து ஒரு எக்செல் தாள்: எண், தேதி, பெயர், முகவரி, பான் அல்லது ஆதார், மூலநிதியா பொதுவா, ரொக்கமா வங்கியா, தொகை. எட்டுக் கட்டம். மாதக் கடைசியில் தாளின் கூட்டலும் டேலி லெட்ஜரின் கூட்டலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாத மாதத்தில் பெரும்பாலும் ஒரு ரசீது இரண்டு முறை ஏறியிருக்கும், அல்லது யுபிஐயில் வந்தது வங்கியில் ஒருமுறை, ரசீதில் ஒருமுறை என்று இரண்டு வரவாகியிருக்கும். இரண்டாவது பிழையை வங்கிச் சரிபார்ப்பு (டேலிக் கணக்கை வங்கி அறிக்கையோடு ஒப்பிடுவது) காட்டிக்கொடுத்துவிடும். வங்கித் தேதி விழாமல் தொங்கும் ரசீதுகளை வடிகட்டிப் பாருங்கள். யுபிஐ வரவு மூன்று நாளுக்கு மேல் தொங்குகிறது என்றால் அது போலி இரட்டை.

5,001 ரூபாயை ரொக்கமாகக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு 80ஜி முத்திரை கேட்கும் அன்பர்கள் எல்லா விழாவிலும் உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி கழிவு கிடையாது. ரசீது கொடுக்கலாம், கழிவுதான் வராது. இதை வாங்கும்போதே சொல்லிவிடுவது மரியாதை. ஜூலையில் அவர் வரிக்கணக்கு போடும்போது சொல்வது சண்டை. பெயர் சொல்லாமல் வரும் பணத்துக்கும் கணக்கு உண்டு. விழா வாசலில் வைத்த டப்பாவில் விழுந்தது, 'ஓர் அன்பர்' என்று எழுதி வந்தது எல்லாம் பெயர் தெரியாத நன்கொடை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது அதிகமோ அதற்கு மேல் போனால், கூடுதலாக உள்ள தொகைக்கு 30 சதவீத வரி. 'ஓர் அன்பர்' லெட்ஜரைத் தனியாக வைத்தால் வரம்பு நெருங்குவது கண்ணுக்குத் தெரியும்.

செலவுப் பக்கத்தில் எஃப்12-இல் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: ரொக்கக் கையிருப்பு மைனஸுக்குப் போனால் சொல்லும். அதைத் திறந்து வையுங்கள். சங்கத்தில் பொருளாளர் முதலில் தன் கைக்காசைப் போட்டுச் செலவழிப்பதும், நன்கொடை வந்தபிறகு எடுத்துக்கொள்வதும் வழக்கம். கணக்கில் அது மைனஸ் ரொக்கமாகத் தெரியும். கையில் இல்லாத பணத்தைச் செலவழித்ததாக எழுதப்பட்ட கணக்கு எந்த ஆடிட்டரிடமும் நிற்காது. பொருளாளர் பெயரில் ஒரு லெட்ஜர் திறந்து, அவர் போட்ட அன்றைக்கே வரவு எழுதுங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு அறக்கட்டளையின் 85 சதவீதக் கணக்கில் சேராது. பந்தல், மைக்செட், அச்சகம் மூன்றுக்கும் காசோலையோ வங்கி மாற்றமோ வழக்கமாகிவிட்டால் நல்லது. டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டிய அமைப்பாக இருந்தால் ஒப்பந்தக்காரருக்கு ஒரே பில் 30,000-ஐத் தாண்டினாலோ வருடத்தில் 1,00,000-ஐத் தாண்டினாலோ 1 சதவீதம், ஆள் தனிநபராக இருந்தால். பிடிக்காமல் விட்டால் அந்தச் செலவில் 30 சதவீதம் கணக்கிலிருந்து கழிந்துவிடும். இதை டேலி கச்சிதமாகச் செய்கிறது. ஆபீசில் பழகிய கை என்பதால் விளக்கம் வேண்டாம்.

அயலகத் தமிழர் பணம் தனி எச்சரிக்கை கேட்கிறது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினால் அது உள்நாட்டு நன்கொடைதான். அவரே சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும், டெல்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் பிரதானக் கிளையில் தனிக் கணக்கும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அண்ணனும் தம்பியும் ஒரே தொகை அனுப்பினாலும் ஒன்று செல்லும், ஒன்று செல்லாது. இதை டேலியால் கண்டுபிடிக்க முடியாது. ரசீது எழுதுகிறவர் குடியுரிமையைக் கேட்டாக வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால் பதிவு உள்ள அமைப்புக்கும் சிக்கல், இல்லாத அமைப்புக்குப் பெரிய சிக்கல்.

இனி தேர்தல். தமிழ்நாட்டு அரசியலில் பொருளாளர் பதவியும் 'கணக்கு' என்ற சொல்லும் சாதாரணமானவை அல்ல. 1972 அக்டோபரில் திமுகவின் பொருளாளராக இருந்த எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டதில்தான் கட்சி உடைந்து, அதே மாதம் 17-ஆம் தேதி அதிமுக பிறந்தது. அது கட்சிக் கணக்கு. வேட்பாளர் கணக்கு அதைவிடச் சின்னது, ஆனால் அதைவிடக் கறாரானது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 77-ஆம் பிரிவுப்படி, வேட்பு மனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளும் சேர்த்து, தனிக் கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், நாடாளுமன்றத் தொகுதிக்கு 95 லட்சம் என்பது 2022 ஜனவரியில் உயர்த்திய செலவு வரம்பு. முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கணக்கு போய்ச்சேர வேண்டும். சேராவிட்டால் 10ஏ பிரிவில் 3 வருடத் தகுதியிழப்பு வரலாம். தோற்றவருக்கும் இது பொருந்தும். தோற்றுப்போன அலுவலகத்தில் மறுநாள் பில் தேட ஆள் இருக்காது என்பதால் கணக்காளர்கள் மாட்டுவதே பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் டேலி இங்கே துணைக்கு மட்டும்? தேர்தல் நடத்தும் அலுவலர் பக்க எண் போட்ட பதிவேட்டைத் தருகிறார். வெள்ளைப் பக்கம் அன்றாடக் கணக்கு, இளஞ்சிவப்புப் பக்கம் ரொக்கம், மஞ்சள் பக்கம் வங்கி. அதில் கையால் எழுத வேண்டும். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை, தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் முன் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். டேலியிலிருந்து அச்சடித்த தாளை அவர் பார்க்க மாட்டார். ஒவ்வொரு செலவுக்கும் தேதி, தன்மை, தொகை, வாங்கியவர், வவுச்சர் எண். ரயில் கட்டணம், தபால் தலை போன்ற பில் கிடைக்காதவற்றுக்கு மட்டும் விலக்கு. வேட்பு மனுவுக்கு ஒருநாள் முன்னதாவது தனி வங்கிக் கணக்கு திறந்திருக்க வேண்டும். 10,000-க்கு மேல் ஒருவருக்குப் போகும் பணம் அந்தக் கணக்கிலிருந்தே வங்கி வழியாகப் போக வேண்டும். இந்த 10,000 ஒரு நாளுக்கானது அல்ல, தேர்தல் முடியும் வரை அந்த ஆளுக்கானது. ஆபீசில் 'ஒரு நாளைக்குப் பத்தாயிரம்' என்று பழகிய கை இங்கேதான் வழுக்கும். மேடை போட்டவருக்கு மூன்று கூட்டத்துக்கு மும்மூன்று ஆயிரமாக 9,000 ரொக்கம் போயிருந்தால், நான்காவது கூட்டத்துக்கான 3,000 வங்கி வழியாகத்தான். டேலியில் அவர் பெயரில் லெட்ஜர் வைத்திருந்தால் ஓடும் கூட்டல் உடனே தெரியும். டேலி உதவும் ஒரு இடம் இது.

டேலி திணறும் இடம், பணம் கைமாறாத செலவு. நண்பர் வேனைச் சும்மா கொடுத்தார், மண்டபக்காரர் வாடகை வேண்டாம் என்றார் என்றால் பதிவேட்டில் மாவட்டத் தேர்தல் அலுவலரின் கட்டணப் பட்டியல் விலையில் அது செலவு, அதே தொகை பொருளாக வந்த நன்கொடை. டேலியில் எஃப்7 ஜர்னலில் போடலாம். மறந்துபோய் எஃப்5 பேமென்டில் போட்டால் ரொக்கம் குறைந்து இளஞ்சிவப்புப் பக்கத்தோடு பொருந்தாது. கட்டணப் பட்டியலே இன்னொரு தகராறு. எடுத்துக்காட்டாக நாற்காலிக்குப் பட்டியல் 8 ரூபாய், கடைக்காரர் பில் 5 ரூபாய் என்று வையுங்கள். 500 நாற்காலிக்கு நம் பதிவேட்டில் 2,500. வீடியோவில் நாற்காலியை எண்ணிய தேர்தல் அலுவலர் குழு தனியே எழுதும் நிழல் பதிவேட்டில் 4,000. இடைவெளி 1,500. ஒரு கூட்டத்தில் இது சில்லறை. நாற்பது கூட்டத்தில் 60,000. பார்வையாளரைச் சந்திக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிழல் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, வித்தியாசமுள்ள வரிக்கு எதிரே பில்லை நீட்டி எழுத்தில் மறுப்பு கொடுத்துவிட வேண்டும். கடைசி நாளுக்கு வைத்தால் கடைக்காரரின் பில் புத்தகமே மாறியிருக்கும்.

இரண்டு விஷயம் வழக்கமாக விட்டுப்போகும். மனு தாக்கலுக்கு முன்பே அச்சடித்து, தாக்கலுக்குப் பின் ஒட்டிய சுவரொட்டி செலவில் சேரும். கட்சி அறிவித்த நட்சத்திரப் பேச்சாளரின் பயணச் செலவு விலக்கு, ஆனால் வேட்பாளர் அவரோடு மேடையேறினால் அந்தக் கூட்டச் செலவில் பங்கு இவர் தலையில். மூன்று வேட்பாளர் ஏறினால் மூன்றாகப் பிரியும். அன்று மேடையில் யார் யார் நின்றார்கள் என்று படத்தோடு குறித்து வைத்திருந்தால்தான் மூன்றாக. இல்லாவிட்டால் முழுதும் ஒருவர் பெயரில் ஏறும்.

ஒரே மடிக்கணினியில் சங்கமும் வேட்பாளரும் இரண்டு கம்பெனிகளாகத் திறந்திருப்பதுதான் உள்ளதிலேயே ஆபத்தான ஏற்பாடு. டேலி பிரைமில் பல கம்பெனிகளை ஒன்றாகத் திறக்கலாம்; நுழைவு எது முன்னால் நிற்கிறதோ அதில் விழும். இரண்டிலும் 'நன்கொடை', இரண்டிலும் 'டீ செலவு', இரண்டிலும் அதே மைக்செட்காரர். இரவு பதினொரு மணிக்கு வேட்பாளரின் ஜீப் டீசல் பில் சங்கக் கணக்கில் ஏறினால் அது எழுத்துப்பிழையாக நிற்காது. 12ஏ பதிவுள்ள அறக்கட்டளையின் பணம் தேர்தலுக்குப் போனதாகக் கணக்கே சொல்லும்; பதிவுக்கே ஆபத்து. ஒரு நேரத்தில் ஒரு கம்பெனி மட்டும். வேட்பாளர் லெட்ஜர்களுக்கெல்லாம் 'தே-' என்று முன்னொட்டு. முடிந்தால் வேறு கணினி. அதைவிட நல்லது, தேர்தல் வரும் இரண்டு மாதம் சங்கக் கணக்கை உதவிப் பொருளாளரிடம் எழுத்துமூலம் ஒப்படைத்துவிடுவது. சங்க மேடையும் கட்சி மேடையும் ஒன்றாகத் தெரியும் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். வங்கி அறிக்கை சிரிக்காது.

யார் வாங்கலாம்? வருடத்துக்குச் சுமார் 300 வவுச்சருக்கு மேல் ஓடும், 80ஜி உள்ள, அரசு உதவி வாங்கும் அமைப்பு தயங்காமல் வாங்கலாம். மாதம் பத்து ரசீதுள்ள வாசகர் வட்டத்துக்கு நீள நோட்டும் ரசீது புத்தகமும் போதும். 26,550 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கினால் நூலகத்தில் ஒரு அலமாரி நிறையும். வேட்பாளருக்காக மட்டும் வாங்க வேண்டாம். பிரிவு 8 கம்பெனியாக (லாப நோக்கமற்ற கம்பெனியாக)ப் பதிந்த பண்பாட்டு அமைப்புகள் மட்டும் 'எடிட் லாக்' பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் யார் எதை எப்போது திருத்தினார் என்ற தடம் அணைக்க முடியாதபடி இருந்தாக வேண்டும்.

வாங்கிவிட்டால், கணக்கைப் பூட்டும் டேலிவால்ட் கடவுச்சொல் போடுவார்கள், போடவும் வேண்டும். ஆனால் அதை மறந்தால் மீட்க வழியே இல்லை; டேலியாலும் முடியாது. பொருளாளர் மாறும் பொதுக்குழுவில் ரசீது புத்தகம், காசோலைப் புத்தகம், ரொக்கம் எல்லாம் கைமாறும், இது மட்டும் பழையவர் தலைக்குள்ளேயே தங்கிவிடும். கணக்குப் புத்தகங்களைப் பத்து வருடம் வைத்திருக்க வேண்டிய அமைப்புக்கு அது பத்து வருடப் பூட்டு. கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டி, தலைவர், செயலாளர் இருவரும் மேலே கையெழுத்திட்டு, வங்கி வைப்புப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே வையுங்கள். கூடவே ஏப்ரல் முதல் வாரத்தில் எடுத்த பேக்கப் உள்ள பென்டிரைவ், அதன் மேல் நிதியாண்டு எழுதிய ஒரு சீட்டு.